பத்து ரூபாய் லைட்டரா, இரண்டு ரூபாய் தீப்பெட்டியா?

9 நவம்பர் 2024, காலை. வாசகர் கேள்வி

பெட்டிக்கடையில் 10 ரூபாய்க்குச் சீன லைட்டர் தொங்குகிறது. தடை வந்துவிட்டது என்கிறார்கள், ஆனாலும் தொங்குகிறது. பக்கத்திலேயே கோவில்பட்டித் தீப்பெட்டி 2 ரூபாய். "நம்ம ஊர்ப் பொருளை வாங்குங்கள்" என்று சொல்வது கணக்கில் நிற்குமா, வெறும் உணர்ச்சிப் பேச்சா? தொழில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

9 நவம்பர், இரவு

கணக்கில் நிற்காது. அதை முதலில் ஒத்துக்கொண்டு பேசினால்தான் மேற்கொண்டு பேச முடியும்.

2 ரூபாய்ப் பெட்டியில் 50 குச்சி. ஒரு குச்சி 4 பைசா. 2022 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஒன்றிய வர்த்தக அமைச்சருக்கு எழுதிய கடிதத்தில், 10 ரூபாய் லைட்டர் ஒன்று 20 தீப்பெட்டியின் இடத்தைப் பிடிக்கிறது என்று சொல்லியிருந்தார். 20 பெட்டி என்றால் 1000 குச்சி, 40 ரூபாய். அதே 1000 தடவையை லைட்டர் 10 ரூபாய்க்கு முடிக்கிறது, தடவைக்கு 1 பைசா. நான்கில் ஒரு பங்கு.

ஒரு நாளைக்குப் பத்து பீடி பிடிப்பவருக்கு வருஷத்தில் 3,650 தடவை நெருப்பு வேண்டும். தீப்பெட்டியில் 146 ரூபாய், லைட்டரில் 37 ரூபாய்க்குள். அவரிடம் போய் "உள்ளூர்ப் பொருள்" என்று பேசி எடுபடாது. காலையும் மாலையும் விளக்கேற்றும் வீட்டுக்கு வருஷத்துக்கு 730 குச்சி போதும், 15 பெட்டி, 30 ரூபாய். அங்கே லைட்டர் வாங்கினால் மிச்சம் 20 ரூபாய். வருஷம் முழுவதற்கும் 20 ரூபாய்தான்! ஆக யார் வாங்குகிறார் என்று பார்க்காமல் "எது மலிவு" என்று கேட்பதே பாதிக் கேள்வி.

2021 டிசம்பர் 1 முதல் விலை 1 ரூபாயிலிருந்து 2 ரூபாயானது. 14 வருஷத்துக்குப் பிறகு வந்த உயர்வு. ஒரே அடியில் இரட்டிப்பு ஆனதால்தான் லைட்டருக்கு வழி திறந்தது என்பது என் கணிப்பு.

10 நவம்பர்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். "இரட்டிப்பு" என்றது தவறு. பழைய 1 ரூபாய்ப் பெட்டியில் 36 குச்சி. 2 ரூபாயாக்கியபோது 50 ஆக்கினார்கள். குச்சிக் கணக்கில் 2.8 பைசா 4 பைசா ஆனது, 44 சதவீத உயர்வு. ஆனால் கடைக்கு வருகிறவர் குச்சியை எண்ணுவதில்லை. ஒரு ரூபாய் கொடுத்தவர் இரண்டு கொடுத்தார். பக்கத்தில் லைட்டர் தொங்கியது. அந்தக் கணிப்பை மாற்றிக்கொள்ளவில்லை.

அன்றைக்கு உயர்த்தாமலும் இருக்க முடியாது. 2021 அக்டோபரில் சிவப்புப் பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810க்குப் போனது. மெழுகு 58இலிருந்து 80. மேல்பெட்டி அட்டை 36இலிருந்து 55. அடிப்பெட்டி அட்டை 32இலிருந்து 58. தீப்பெட்டிக்குப் பதினான்கு வகை மூலப்பொருள் வேண்டும். அதில் இந்த நான்கு ஒன்றாக ஏறினால் ஒரு ரூபாய்ப் பெட்டியை யாராலும் போட முடியாது.

11 நவம்பர்

"தடை இருக்கிறதே, எப்படிக் கிடைக்கிறது?" என்பதற்கு.

29 ஜூன் 2023 அறிவிப்பு எல்லா லைட்டரையும் தடுக்கவில்லை. துறைமுகத்தில் வந்திறங்கும் மதிப்பு, அதாவது சரக்கு விலையோடு காப்பீடும் கப்பல் கூலியும் சேர்த்து, ஒன்றுக்கு 20 ரூபாய்க்குக் கீழே இருந்தால் மட்டும் தடை. கடை விலை 20 என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. கடையில் 10 ரூபாய்க்கு விற்கிற லைட்டர் துறைமுகத்தில் 20 ரூபாயாக இருந்திருக்கவே முடியாது. ஆக அது தடைக்கு முந்தைய சரக்கு, இல்லையென்றால் கள்ளச் சரக்கு, அதுவும் இல்லையென்றால் உதிரியாக வந்து இங்கே பூட்டியது. நான்காவதாக, மதிப்பைக் கூட்டிக் காட்டி இறக்கியதாகவும் இருக்கலாம்.

உதிரி வழிதான் பெரிய ஓட்டை. உடல், சக்கரம், வால்வு, மூடி எல்லாம் தனித்தனிச் சரக்காக வந்தால் அது "லைட்டர்" ஆகாது. 2024 அக்டோபரில் உதிரி பாகங்களுக்கும் தடை போட்டார்கள். முதல் தடைக்கும் இரண்டாவதற்கும் இடையே பதினைந்து மாதம் போயிருக்கிறது. இப்போது தொங்குகிற சரக்கு தீர எத்தனை நாள் என்று பார்த்தால்தான் இரண்டாவது தடை வேலை செய்கிறதா என்று தெரியும்.

13 நவம்பர்

இந்த இழையில் எல்லாப் பழியும் சீனாவின் மேல் விழுகிறது. அதில் பாதிதான் உண்மை.

வீட்டில் தீப்பெட்டி எதற்கெல்லாம் எரிந்தது? விறகடுப்பு, மண்ணெண்ணெய் அடுப்பு, சிம்னி, அரிக்கேன், குத்துவிளக்கு, சூடம், ஊதுபத்தி, பீடி. முதல் நான்கை எரிவாயுவும் மின்சாரமும் எடுத்துக்கொண்டன. எரிவாயு அடுப்புக்கு வந்த கேஸ் லைட்டரில் வாயுவே கிடையாது. விசையை அழுத்தினால் உள்ளே ஒரு சுருள்வில் இறுகும். ஒரு கட்டத்தில் விடுபட்டுச் சிறு சுத்தியல் பீங்கான் போன்ற ஒரு துண்டின் மேல் அடிக்கும். அந்த அடியில் சில ஆயிரம் வோல்ட் எழுந்து நுனியில் பொறி பறக்கும். தீர்ந்துபோக அதில் ஒன்றுமில்லை. நுனியில் எண்ணெய்ப் பிசுக்கோ ஈரமோ ஏறினால் பொறி வராது, துணியால் துடைத்தால் வந்துவிடும். வருஷக்கணக்கில் ஓடும் இந்தச் சாமான், நம் நாட்டுப் பட்டறைகளில் செய்தது. சமையலறையிலிருந்து தீப்பெட்டியை விரட்டியது இதுதான். அதன் மேல் நமக்குக் கோபமும் இல்லை.

சீன லைட்டர் பிடித்தது கடைசி இரண்டு மூன்று இனத்தை: பீடி, சிகரெட், கொஞ்சம் ஊதுபத்தி. ஏற்கெனவே சுருங்கிவிட்ட சந்தையின் மிச்சம் அது. அதனால்தான் வலி அதிகம். அதனாலேயே, தடை முழுசாக வேலை செய்தாலும் பழைய விற்பனை திரும்பாது.

14 நவம்பர்

குத்துவிளக்கு என்ன ஆனது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். சரிதான். கேஸ் லைட்டர் பொறிக்கு எண்ணெய்த் திரி பற்றாது. பாக்கெட் லைட்டரில் பற்றும், ஆனால் ஐந்து முகத்துக்கும் சாய்த்துப் பிடித்தால் சுடர் மேலேறிக் கட்டைவிரலைச் சுடும், மேல் தகடும் காயும். குச்சிக்குச் சாய்வு ஒரு பொருட்டில்லை. விளக்கு, சூடம், கார்த்திகை அகல் இவற்றுக்குக் குச்சிதான் சரியான கருவி.

17 நவம்பர்

இரண்டு ரூபாய் எங்கே போகிறது?

தொழிலில் பண்டல் கணக்கு: 600 பெட்டி ஒரு பண்டல். 2021 உயர்வுக்கு முன் 270 முதல் 300 ரூபாய்க்குப் போனது, உயர்வுக்குப் பின் 430 முதல் 480. வரியும் வண்டி வாடகையும் தனி. 480ஐ 600ஆல் வகுத்தால் பெட்டிக்கு 80 பைசா. அப்போதிருந்த 12 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 90 பைசா. மீதி 1 ரூபாய் 10 பைசா தீப்பெட்டி ஆபீஸ் (தொழிற்சாலை) வாசலைத் தாண்டிய பிறகு சேர்கிறது: லாரி, மொத்த வியாபாரி, சில்லறைக் கடை.

அண்ணாச்சி ஒருவர் "கடைக்காரனைக் குறை சொல்லாதீர்கள்" என்று எழுதியிருக்கிறார். குறை சொல்லவில்லை அண்ணாச்சி. 2 ரூபாய்ப் பொருளை அடுக்கி, சில்லறை கொடுத்து விற்க உங்களுக்கு ஆகிற நேரமும் 10 ரூபாய்ப் பொருளுக்கு ஆகிற நேரமும் ஒன்றுதான். லைட்டரை முன்னால் தொங்கவிடுவதற்குக் காரணமே அது. நான் சொல்ல வருவது வேறு: "உள்ளூர்ப் பொருளுக்குக் கொடுத்தேன்" என்று நினைத்து நீட்டும் இரண்டு ரூபாயில் பாதிக்கும் குறைவுதான் ஆபீசுக்குப் போகிறது. அந்த 80 பைசாவுக்குள்தான் குச்சி, மருந்து, மெழுகு, அட்டை, காகிதம், சட்டத்தில் குச்சி அடுக்குகிற பெண்ணின் கூலி, முதலாளியின் லாபம் எல்லாம் அடங்க வேண்டும்.

18 நவம்பர்

"தீப்பெட்டி முழுக்க உள்ளூரா?" இல்லை. மருந்துத் தலையில் ஏறக்குறைய பாதி பொட்டாசியம் குளோரேட். பொட்டாஷ் உப்புக்கு இந்தியா முழுக்க வெளிநாட்டையே நம்பியிருக்கிறது. மெழுகு கச்சா எண்ணெயிலிருந்து வருவது. குச்சிக்கான மெதுமரம் பெரும்பாலும் கேரளத்திலிருந்து. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிக் கரிசல் காட்டில் இருந்தவை வெயிலும் வேலை தேடிய கைகளும்தான். மழை குறைந்த ஊர் என்பதால் குச்சி சீக்கிரம் காய்ந்தது, விவசாயம் பொய்த்த ஊர் என்பதால் ஆள் கிடைத்தது.

தீப்பெட்டியே ஒரு காலத்தில் இறக்குமதிச் சாமான். சுவீடனும் ஜப்பானும் அனுப்பின. 1922இல் ஆங்கில அரசு ஒரு குரோசுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய் வரி போட்டது. வருமானத்துக்காகப் போட்ட வரி அது, யாரையும் காப்பாற்றப் போட்டதல்ல. ஆனாலும் அந்தச் சுவருக்குப் பின்னால் இங்கே தொழில் முளைத்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பி, 1923இல் சிவகாசியில் தொடங்கினார்கள். சுவீடன்காரர்களும் சும்மா இருக்கவில்லை, வரியைத் தாண்ட இங்கேயே ஆலை போட்டார்கள். இன்று லைட்டர் உதிரியாக வருகிற வித்தையின் அண்ணன் அது.

22 நவம்பர்

இப்போது கசப்பானது. தடையை ஆதரிக்கிறேன். ஆனால் குச்சி சரியில்லையென்றால் எந்தத் தடையும் தாங்காது. லைட்டருக்கு மாறியவர்களில் பலர் காசுக்காக மாறவில்லை, மூன்று குச்சி உரசி ஒன்று பற்றியதால் மாறினார்கள். எங்கே தப்பு நடக்கிறது என்று ஒவ்வொன்றாக:

குச்சி ஒடிகிறது. நார் நீளவாக்கில் ஓட வேண்டும். கட்டையைக் கோணலாக வைத்துச் சீவினால் நார் குறுக்கே வெட்டுப்படும், உரசும்போது நடுவில் ஒடியும். உடைந்த குச்சியின் முனையைப் பாருங்கள்: நார் நாராகப் பிய்ந்திருந்தால் நீங்கள் அழுத்தியது அதிகம், சாய்வாக வழுவழுவென்று இருந்தால் சீவியது தப்பு.

தலை பற்றுகிறது, குச்சி பற்றவில்லை. மெழுகுக் குறை. சட்டத்தில் அடுக்கிய குச்சிகளை முதலில் சூடான மெழுகில் முக்கி, பிறகுதான் மருந்தில் முக்குவார்கள். மெழுகு சூடு குறைந்திருந்தால் மேலே தோலாகப் படியும், உள்ளே இறங்காது. குச்சி ஈரமாக இருந்தாலும் இறங்காது. தலையின் சுடர் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்; அதற்குள் மெழுகு ஆவியாகித் தீயை மரத்துக்குக் கடத்த வேண்டும். மெழுகு ஏறிய குச்சி என்றால், தலைக்குக் கீழே ஒரு விரல்நக அகலத்துக்காவது மரம் சற்று நிறம் மாறித் தெரியும்.

உரசியதும் மருந்து தெறிக்கிறது. பசை குறைவு, அல்லது அவசரமாக உலர்த்தித் தலைக்குள் விரிசல். சட்டையில் ஓட்டை விழுவதும் குழந்தைகளுக்குக் கண்ணில் படுவதும் இதனால்தான். பசையில் மிச்சம் பிடிப்பது எனக்கு மன்னிக்க முடியாத குறை.

ஊதி அணைத்தபின் கங்கு நிற்கிறது. குச்சியை அம்மோனியம் பாஸ்பேட் கரைசலில் ஊறவைத்துக் காயவிட்டால், அணைத்ததும் கங்கு உடனே சாகும். இந்தப் படியைத் தாண்டிவிட்டால் குப்பைக்கூடையில் போட்ட குச்சி புகையும். பாதி எரியவிட்டு ஊதிப் பாருங்கள், செம்மை உடனே கறுக்க வேண்டும்.

பெட்டி பாதியிலேயே வழுக்குகிறது. 50 குச்சிக்கும் தாங்குகிற அளவு சைடு மருந்து, அதாவது பெட்டியின் பக்கத்தில் உரசுகிற பூச்சு, பூசவில்லை. அதில் சிவப்புப் பாஸ்பரஸ், கண்ணாடித் தூள், பசை. பாஸ்பரஸ் விலை ஏறும்போது கைவைக்கிற முதல் இடம் இதுதான். 36ஐ 50 ஆக்கினவர்கள் பூச்சையும் அதே விகிதத்தில் கூட்டியிருக்க வேண்டும்.

23 நவம்பர்

மழைக்காலத்தை விட்டுவிட்டேன். ஈரம் இழுப்பது பெரும்பாலும் குளோரேட் அல்ல, பசை. பசை இளகினால் தலை மெத்தென்று ஆகி, உரசும்போது வழித்துக்கொண்டு போகும். நிழலில், காற்றோட்டத்தில் ஒரு நாள் விட்டால் குச்சி பெரும்பாலும் தேறும். வெயிலில் வைத்தால் மேல் மட்டும் காய்ந்து விரிசல் விடும். அடுப்புப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. சைடு தேறாது: சிவப்புப் பாஸ்பரஸ் ஈரக்காற்றில் மெல்ல அமிலமாக மாறும், அந்த அமிலம் மேலும் ஈரத்தை இழுக்கும். நனைந்த பெட்டியின் குச்சியைக் காயவைத்துப் புதுப் பெட்டியின் சைடில் உரசுங்கள், பற்றும். இறுகிய மூடி உள்ள சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு, தண்ணீர்த் தொட்டிக்கும் அடுப்புக்கும் தள்ளி வைத்தால் ஐப்பசி கார்த்திகை முழுக்கத் தாங்கும்.

23 நவம்பர், பிற்பகல்

"குச்சி மருந்தையும் சைடு மருந்தையும் சேர்த்துச் செய்தால் எங்கும் உரசலாமே?" என்று ஒரு மாணவர் கேட்கிறார். தம்பி, வேண்டவே வேண்டாம், சோதித்தும் பார்க்காதீர்கள். குளோரேட்டும் சிவப்புப் பாஸ்பரசும் உலர்ந்த நிலையில் கலந்தால் தொட்டாலே வெடிக்கும். ஆபீசில் இரண்டையும் வேறுவேறு அறையில், வேறுவேறு வாளியில், வேறுவேறு துடைப்பத்தோடு வைத்திருப்பது இதனால்தான்.

26 நவம்பர்

லைட்டருக்கும் அதே நியாயம் செய்வோம். உலகத் தரம் ஒன்று உண்டு, ஐ.எஸ்.ஓ. 9994. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து மூன்று தடவை போட்டால் தாங்க வேண்டும். 65 டிகிரி சூட்டில் 4 மணி நேரம் தாங்க வேண்டும். இந்தியாவும் 2023இல் லைட்டருக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணை கொண்டுவந்தது. 10 ரூபாய்ச் சரக்கில் இவற்றின் அடையாளத்தைத் தேடிப் பாருங்கள்.

உள்ளே இருப்பது பியூட்டேன். பூஜ்யம் டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதிக்கும் திரவம், அழுத்தத்தில் அடைத்தது. சித்திரை வெயிலில் பூட்டிய காரின் முகப்பில் வைத்தால் அழுத்தம் இரண்டு மூன்று மடங்கு ஏறும். மெல்லிய பிளாஸ்டிக்கில் அச்சு ஒட்டிய கோடு இருக்கிறதே, முதலில் விடுவது அங்கேதான். கசிவு வேறு: வால்வின் ரப்பர் வளையம் சூட்டில் இறுகிச் சுருங்கும். வாங்கி மேசையில் வைத்தது ஆறு மாதத்தில் தானே காலியாவதற்குக் காரணம் அது. சில சமயம் வாயு தீருமுன் பொறி தரும் கல் தீரும், கண்ணாடி போன்ற உடலுக்குள் திரவம் ஆடுவது தெரிந்தும் தூக்கிப்போட வேண்டும். அப்படி வாயுவோடு குப்பைக்குப் போகிற லைட்டர் அழுத்து வண்டியில் நசுங்கும்போது என்ன ஆகும் என்பதைத் துப்புரவுத் தொழிலாளர்களிடம் கேளுங்கள். 9ஆம் தேதி போட்ட 1 பைசாக் கணக்கு, கடைசிச் சொட்டு வரை எரிந்தால்தான் பொருந்தும்.

30 நவம்பர்

"குழந்தைகளை வைத்து வேலை வாங்கிய தொழிலை ஏன் ஆதரிக்க வேண்டும்?" நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்க மாட்டேன். 1986 குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டித் தயாரிப்பைக் குழந்தைகளுக்குத் தடை செய்த தொழில்களில் பெயர் சொல்லியே சேர்த்தது. அதன் பிறகும் நடந்தது. 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் சிவகாசி வழக்கில், குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மலிவான கைவேலை என்று பெருமையாகச் சொன்னதில் ஒரு பகுதி அந்தப் பிள்ளைகளின் படிப்பு. இன்று இந்தத் தொழிலில் ஒரு லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள், பெரும்பாலோர் பெண்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வீடுகளின் வருமானம் இது. "உள்ளூர்" என்ற ஒரு சொல்லுக்காக ஆதரிக்கச் சொல்லவில்லை. கூலியும் பாதுகாப்பும் கேட்டு வாங்கக்கூடிய தூரத்தில் அந்த ஆபீஸ் இருக்கிறது, தொழிலாளர் துறை ஆய்வாளர் நுழையக்கூடிய இடத்தில் இருக்கிறது. லைட்டர் எந்த ஆலையில், யார் கையால் பூட்டியது என்று யாரால் கேட்க முடியும்?

3 டிசம்பர்

"உதிரியும் இங்கேயே செய்து, இங்கேயே பூட்டி, இந்திய லைட்டர் வந்தால்?" அப்போது அது உள்ளூர்த் தொழில்தான், இறக்குமதித் தடை அதைத் தொடாது, தொடவும் கூடாது. கேள்வி குப்பைப் பக்கம் திரும்பும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க வந்த தடைப் பட்டியலில் லைட்டர் இல்லை. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடுத்த 14 பொருளிலும் இல்லை. வாயு நிரப்பிக்கொள்ளும், கல் மாற்றிக்கொள்ளும் லைட்டரை மட்டும் அனுமதித்தால் அதன் விலை தானாக ஏறும், தீப்பெட்டிக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும். 9ஆம் தேதி எழுதியபோது இறக்குமதித் தடை ஒன்றே போதும் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது இதுவும் சேர வேண்டும் என்று தோன்றுகிறது.

5 டிசம்பர்

கடையில் பெட்டியை எப்படிப் பார்த்து வாங்குவது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

காதருகே குலுக்குங்கள். காய்ந்த குச்சி கலகலவென்று ஒலிக்கும், ஈரக் குச்சியின் ஒலி மந்தமாக இருக்கும். சைடில் விரல் நுனியை லேசாக ஓட்டுங்கள்: சொரசொரப்பு ஓரம் வரை ஒரே சீராக இருக்க வேண்டும், விரலில் செம்பழுப்பு ஒட்டக்கூடாது. அடிப்பெட்டியைப் பாதி இழுத்தால் தலைகள் எல்லாம் ஒரே பக்கம், ஒன்றோடொன்று ஒட்டாமல், ஏறக்குறைய ஒரே பருமனில் தெரிய வேண்டும். இரட்டைத் தலை ஒட்டிய குச்சி இருந்தால் அந்தப் பெட்டியை வைத்துவிட்டு வேறு எடுங்கள், அது உரசும்போது இரண்டும் சேர்ந்து சீறும்.

நல்ல பெட்டி கிடைத்தால் லேபிளைப் பார்த்து வைத்துக்கொண்டு, அடுத்த தடவை "தீப்பெட்டி" என்று கேட்காமல் அந்த லேபிளைச் சொல்லிக் கேளுங்கள். மொத்த வியாபாரிக்கு எல்லாப் பண்டலும் ஒன்றுதான், கடைக்காரர் பெயர் சொல்லிக் கேட்காத வரை. அண்ணாச்சி, உங்கள் கடையில் அப்படிப் பெயர் சொல்லிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்களா? இருந்தால் எந்த லேபிள் அதிகம் போகிறது, திரும்பி வருகிற புகார் என்ன என்று எழுதுங்கள்.